எர்ரர் போடாத வெர்னா

அயோவாவின் அந்த ஆற்றோர ஊரில் வெர்னா ஓடகார்டைக் குறை சொன்னவர் கிடையாது. வாரநாட்களில் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. பேஸ்பால் ஆட்டம் இருந்தால் மைதானத்து உச்சிக் கூண்டில் ஸ்கோரர். பந்து ஒரு ஃபீல்டரைத் தாண்டிப் போனால், அது அவன் தவறா, அடித்தவன் திறமையா என்று தீர்ப்பது அவள்தான். தவறு என்றால் ‘எர்ரர்’. அதனால் வரும் ரன் பந்து வீசியவன் கணக்கில் ஏறாது. நல்ல அடி என்றால் ஏறும்.

வெர்னாவுக்கு இளகிய மனசு. வீடு வாசலை விட்டு வந்து, ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயுமாகக் காலம் தள்ளும் ஃபீல்டர் பையன்களின் பெயருக்கு எதிரே எர்ரர் எழுத அவளுக்குக் கை வராது. “பாவம், கஷ்டமான பந்து” என்பாள். அடி என்று எழுதிவிடுவாள்.

அந்த ஆகஸ்டில், பந்து வீசும் பிட்சர் ட்ரெண்ட் வோஸை அணியிலிருந்து அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மற்ற பிட்சர்கள் ஒரு சீசன் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ட்ரெண்ட் நான்கு வருடமாக இங்கேயே வீசுகிறான். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். வேறு அணி கூப்பிடும் வயதும் தாண்டிவிட்டது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து ரன் கொடுக்கிறான். லீக் சராசரி நாலரை. சராசரியைவிட மோசமானவனை மானேஜர் பக் வைத்துக்கொள்வதில்லை.

அவனுக்குச் சாதகமாக ஏதாவது தேறுமா என்று, வெர்னா அவனுடைய நான்கு வருட எண்களை லீக் எண்களோடு வைத்துப் பார்த்தாள். ரன் சராசரி தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் ஒரு படி மேலேதான் இருந்தான். ஒன்று மட்டும் இடித்தது. லீக்கில் எல்லா பிட்சருக்கும், எர்ரரால் வந்தது என்று கொஞ்சம் ரன் கழிந்திருந்தது. ட்ரெண்டுக்கும் வெளியூரில் கழிந்திருந்தது. சொந்த ஊரில் கழிந்ததே இல்லை எனலாம்.

சொந்த ஊரில் எழுதியது அவள். 

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். ட்ரெண்ட் வீசினான். இரண்டு பேர் அவுட்டாகியிருந்தபோது, தரையோடு வந்த பந்து ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற ஃபீல்டர் மாடேயோவின் கையுறைக்குத் தப்பி ஓடியது. வெர்னா யோசிக்கவே இல்லை. எர்ரர் என்றாள். பக்கத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்யும் லைல் திரும்பிப் பார்த்தான்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா வெர்னா?”

அடுத்து வந்தவன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினான்; முன்னவனும் அவனுமாக இரண்டு ரன். எர்ரர் இல்லாவிட்டால் மூன்றாவது ஆளும் அவுட்டாகி, எதிரணியின் முறை அதற்குமுன்பே முடிந்திருக்கும் என்பது கணக்கு. ஆகவே அந்த இரண்டு ரன்னும் ட்ரெண்டைச் சேராது. வெர்னாவுக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. பிறகு வீடியோவைப் பார்த்தாள். பந்து புல் விளிம்பில் பட்டு எகிறியிருந்தது. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது. திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் எகிறியது.

ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பை அடி என்று மாற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.  பக்கின் அறை வாசலில், கூப்பிடுவதற்காகக் காத்து, தோளில் ஐஸ் கட்டியோடு ட்ரெண்ட் உட்கார்ந்திருந்தான்.

“அந்த எர்ரருக்கு ரொம்ப தேங்க்ஸ் வெர்னா.”

“மாத்திட்டேன்பா,” என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

தன் கையால் நான்கு வருடம் நடந்ததைச் சொல்லி, வெளியூர் ஆட்டங்களை மட்டும் எடுத்து லீக்கோடு ஒப்பிடச் சொன்னாள்.

“இப்பதான் ரெண்டு ரன்ன அவன் தலையில கட்டிட்டு வர்ற. அவனுக்கே சிபாரிசா?” என்றார் பக்.

“அது நெஜமான அடி. இத்தன வருஷம் எழுதினதுல பாதி அப்படியில்ல.”

பக் கணினியைத் தட்டினார். வெளியூரில் நாலேகால். அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

“இங்க மட்டும் ஏன் மோசம்னு முதலாளி கேப்பாரு. உன் பேரத்தான் சொல்லணும். அப்புறம் உன்ன அந்தக் கூண்டுல உக்கார விடமாட்டாங்க.”

வெர்னா ஸ்கோர் புத்தகத்தை அவர் மேஜைமேல் வைத்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.

பக் எழுந்து கதவைத் திறந்தார். “ட்ரெண்ட், நாளைக்கு வெளியூர் ஆட்டத்துக்கு நம்ம டீம் பஸ் காலைல ஏழு மணிக்கு. வந்துடு. இப்ப வீட்டுக்குப் போ.”