பீரோவில் இருந்த பத்திரம்

நிலக்கோட்டைப் பக்கம் என் தோட்டத்துக்கு அடுத்தது பாண்டியின் தோட்டம். இரண்டிலும் மல்லிகைதான். அவனுக்குக் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனார். பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் பாண்டிக்குத் தரவேண்டிய பணத்தைத் தரக்கூடாதென்று ஜப்தி உத்தரவு வந்துவிட்டது. சொத்துள்ள யாராவது ஜாமீன் நின்றால் ஜப்தியை நீக்கிவிடுவார்கள் என்றாராம் வக்கீல்.

பாண்டி முதலில் என்னிடம்தான் வந்தான்.

"அக்கா, ஒங்க பத்திரத்தக் காட்டி ஒரு கையெழுத்துப் போட்டீகன்னா போதும். பூப்பறிக்க வாரவுகளுக்குக் கூலி குடுக்கக்கூட காசில்ல."

"பத்திரம் பேங்க்ல அடமானத்துல இருக்குப்பா" என்றேன். பொய். அது பீரோவில், என் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. அவன் ஏமாற்றுவான் என்றில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

கூலியில்லாமல் ஆட்கள் வரவில்லை. அவனும் மனைவியும் பறித்தது போக மீதி மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்தது. விரிந்த பூவை யார் வாங்குவார்கள்? அந்த வாசனை ஒரு வாரம் என் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

கடைசியில் நத்தத்திலிருந்து அவன் மச்சினன் வந்து ஜாமீன் நின்றான். ஜப்தி நீங்கிய அன்றே பாண்டி என் வாசலுக்கு வந்தான். பொய் தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே வெளியே வந்தேன்.

"நீங்களும் கஷ்டத்துல இருக்கீகன்னு தெரியாமப் போச்சுக்கா. பத்திரத்த மீட்கணும்னா சொல்லுங்க, என்னால ஆனதத் தாரேன்."

"சரிப்பா" என்றேன். இன்றுவரை வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தப் பட்டுச்சேலையைத் தொடவே கூசுகிறது. கல்யாண வீடுகளுக்கும் நூல்சேலையில்தான் போகிறேன். அதையும் என் கஷ்டம் என்றே பாண்டி நினைத்துக்கொண்டிருக்கிறான்.