மூன்றாவது போர்

காலை 9.40. சாமளாபுரம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு பைக்கின் சீட்டின் மேல் விரித்திருந்த ஈரத் துண்டு. பைக்கின் சொந்தக்காரர் பேக்கரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். துண்டின் ஓரங்கள் அதற்குள் காய்ந்திருந்தன. மே மாதம், கத்திரி வெயில்.

திருப்பூரிலிருந்து மங்கலம் வழியாக ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டர். டிக்கெட் இருபது ரூபாய். காதர்பேட்டையில் பனியன் மொத்தக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தண்ணீர் வராத போர்வெல்லில் குழாய் இறக்கி வீட்டைக் குளிரவைக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஆட்டோக்காரருக்கு வீடு தெரிந்திருந்தது.

"போர்ல குளுரு எடுக்கற ஊடுங்களா? வாங்க. எங்க தோட்டத்துல தண்ணி வராத போரு நாலு கெடக்குதுங்க. எல்லாத்துலயும் கொழாய எறக்கினா ஊரையே ஊட்டியாக்கிப் போடலாம்."

"அப்புறம் ஏன் செய்யலை?"

"போருக்குள்ள மண்ணக் கொட்டி மூடோணுமாமுங்க. அதாருங்க மூடறது?"

அவர் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்பின் ஓரத்தில் வீடு. பக்கத்தில் எட்டுத் தறி ஓடும் ஷெட். தறிகளை நடத்துபவர் சிவகாமி, நாற்பத்து நான்கு வயது. கணவர் முருகேசன், மூன்று வருடத்துக்கு முன் அந்த ஷெட்டின் கூரைத் தகட்டை மாற்ற ஏறி, விழுந்து, தண்டுவடம் அடிபட்டவர். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த உடம்பு வியர்ப்பதும் இல்லை. அறை சூடானால் அவரும் கூடவே சூடாவார். போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள் மதியம் மின்சாரம் போனது. உடம்பு 104 டிகிரியைத் தொட்டு, எட்டு நாள் கோவையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அறையை முப்பத்திரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஏசி இருக்குதுங்க," என்று சிவகாமி சுவரைக் காட்டினார். "தறியெல்லாம் ஓடறப்ப வோல்டேஜ் பத்தாது. கரண்ட் போச்சுன்னா அது வெறும் பொட்டி."

குழாய் ஏற்பாடு எளியது. பாறைக்குள் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூடுதான். கோடையில் அது வெளிக்காற்றைவிட மிகக் குறைவு. தோட்டத்தில் நானூறு அடிக்குப் போட்டு, தண்ணீர் வராமல் விட்ட போர் மூன்று. மூன்றிலும் கறுப்புக் குழாய் இறங்கி, அடியில் வளைந்து, மேலே வருகிறது. உள்ளே ஓடும் தண்ணீர் பாறையில் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி, அறையின் கூரையில் பதித்த குழாய்களில் சுற்றுகிறது. அதைத் தள்ளும் மோட்டார் ஒரு மேசை விசிறி அளவு மின்சாரம்தான் எடுக்கிறது, இன்வெர்ட்டரிலேயே ஓடும்.

ஆனால் 11.15-க்கு அறையில் இருந்த வெப்பமானி 35.5 காட்டியது. முருகேசனின் நெற்றியில் ஈரத்துணி. தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்ததில் 100.2.

குழாய் போட்டவர் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சாயப்பட்டறைகளில் கொதிநீர்க் குழாய் வேலை பார்த்துப் பழகியவர். சிவகாமி கூப்பிட்டதன் பேரில் திருப்பூரிலிருந்து பைக்கில் வந்திருந்தார். மோட்டார் அருகே திரும்பி வரும் மூன்று குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். என் கையையும் எடுத்து வைத்தார். இரண்டு குளிர்ந்திருந்தன. மூன்றாவது குளிரவில்லை.

உள்ளே போய்ச் சொன்னார். "அண்ணாச்சி, மூணாவது போன சூட்டுலயே திரும்பி வருது. கொழாய் வெறும் காத்துல தொங்கிட்டு நிக்கி. பாறையத் தொட்டாத்தான சூட்டக் குடுக்கும்? மத்த ரெண்டையும் மூடுனாப்ல இதையும் மணலு, களிமண்ணு கரைச்சி ஊத்தி மூடணும். அன்னைக்கே சொன்னேன்."

"அத மூட முடியாதுங்க," என்றார் முருகேசன்.

"எதுக்கு மூட முடியாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க," என்று சிவகாமி என்னைக் காட்டினார்.

முருகேசன் என் பக்கம் பார்த்தார். "போர் போடறப்ப முன்னூத்தி எம்பது அடில தூசி ஈரமா வந்துச்சுங்க. எங்கையில புடிச்சுப் பாத்தேன். உருண்டை புடிக்கலாம்."

ஆட்டோக்காரர் சொன்னது அப்போது விளங்கியது. இந்தப் பக்கத்தில் தண்ணீர் வராத போரை யாரும் தூர்ப்பதில்லை. மேலே மூடி போட்டு வைத்திருப்பார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் மூடியைத் திறந்து, ஒரு கல்லைப் போட்டு, காது கொடுத்துக் கேட்பார்கள். பத்து வருடம் கழித்து ஊற்று திறந்த கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. முதல் இரண்டு போரும் சிவகாமியின் மாமனார் போட்டவை. அவற்றை மூட முருகேசன் தடை சொல்லவில்லை. மூன்றாவது அவரே போட்டது.

"தண்ணி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? படுத்துட்டே பாய்ச்சுவீங்களா?" என்று சிவகாமி கேட்டார்.

"நாந்தான் பாய்ச்சோணும்னு என்ன? தென்னைக்குப் பாயுமல்ல."

"தென்ன மரத்துக்குக் காச்ச வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதில்லீங்க."

ஜெபராஜ் வாசலைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. துணியை மாற்றும்படி கையைக் காட்டினார். சிவகாமி மாற்றினார்.

12.30-க்கு அறை 36. முருகேசன் தாமாகவே சொன்னார்: "ஒரு கல்லப் போட்டுப் பாத்துரு புள்ள."

"பெரிய கல்லப் போட்டுராதிய அக்கா, கொழாய் கிழிஞ்சிரும்," என்று ஜெபராஜ் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கூழாங்கல் பொறுக்கிக் கொடுத்தார். சிவகாமி அவற்றையும் போனையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனார். முருகேசனின் போன் தலையணை மேல் கிடந்தது. அது அடித்ததும் நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மூடியத் தெறந்தாச்சுங்க. போடட்டுங்களா?"

"போனக் குழிகிட்டப் புடி. கையி பத்திரம்."

கல் குழாயிலும் பாறையிலும் மாறி மாறித் தட்டிக்கொண்டு இறங்கியது. சத்தம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் தண்ணீரில் விழுந்ததுபோல இல்லாமல், மரப்பலகையில் விரலால் தட்டியதுபோல ஒன்று கேட்டது.

"இன்னொண்ணு போடு."

அதே சத்தம். மூன்றாவதைப் போடச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதுவும் அப்படியே முடிந்தது. போனில் தென்னை ஓலைகளின் சத்தம் மட்டும் வந்தது.

"வெயில்ல நிக்காத, வா," என்றார் முருகேசன். பிறகு, "வர்றப்பவே மணல் லாரிக்காரனுக்குச் சொல்லிப் போடு."

மறுநாள் காலை ஆறரைக்கு நான் திரும்பி வந்தபோது வேலை தொடங்கியிருந்தது. மணல் ஒரு டிப்பர், களிமண் பவுடர் மூட்டைகள், கரைப்பதற்குத் தண்ணீர் லாரி ஒன்று. வேலியோரம் நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரர், "தண்ணி வெலைக்கு வாங்கி வறண்ட போருக்குள்ள ஊத்தறாங்க சாமி, இதையும் பாத்தாச்சு," என்று என்னிடம் சொன்னார். சொன்னவர் மண்வெட்டி எடுத்து வந்து பதினொரு மணி வரை மணல் தள்ளினார். அவசரப்பட்டால் மண் குழம்பு நடுவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஜெபராஜ் சிறுகச் சிறுக ஊற்றவைத்தார். முருகேசனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து காட்டலாமா என்று கேட்டதற்கு, அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குழம்பு போரின் வாய்க்கு வந்ததும் ஜெபராஜ் மூன்றாவது குழாயின் வால்வைத் திறந்தார்.

சென்னையில் என் அறையில் பொத்தானை அமுக்கினால் பத்து நிமிடத்தில் குளிர் அடிக்கும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணிக்கு 34. இரண்டு மணிக்கு 33. இடையில் மின்சாரம் போனது, தறிகள் நின்றன. சிறிய மோட்டார் மட்டும் இன்வெர்ட்டரில் முனகிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பினார்.

பையை எடுத்துக்கொண்டு விடைபெற உள்ளே போனபோது மணி 3.20. வெளியே தாழ்வாரத்து வெப்பமானியில் 40. அறையில் 32. முருகேசன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் சிவகாமி அக்குளில் வைத்துப் பார்த்தார். 98.4.