மூச்சு விடாத பாடகி

இன்று காலை மலேசியாவின் கூலிம் ஃபேக்டரி பஸ்ஸில், பக்கத்து சீட் கவிதா தன் இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்தாள். ஜப்பானியப் பாட்டு.

"இந்தப் பொண்ணு மூச்சே விடாம பாடுதே," என்றேன். கோயில் பஜனையில் பாடிப் பழகியவளின் காதுக்கு அதுதான் முதலில் பட்டது.

"பொண்ணே இல்லக்கா. கம்ப்யூட்டர் குரல் லா. நாம மெட்டும் வரியும் போட்டா அது பாடும்."

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குப் பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. மெட்டுகள் மட்டும் மனதில் வந்துகொண்டே இருக்கின்றன.

"தமிழ்ல பாடுமா?"

"பாட வைக்கலாம்க்கா. கொஞ்சம் ஜப்பான் வாடை அடிக்கும், பரவால்லயா?"

ஃபேக்டரி வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி என் மெட்டு ஒன்றுக்கு வரி தேடிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததற்கு நன்றி, கவிதா.

பஜனைக் குழுவினரே, வெள்ளிக்கிழமை பஜனையில் என் மெட்டைப் பாடப்போகும் லேப்டாப்புக்கும் பாயில் இடம் வேண்டும். கோயில் தலைவரிடம் உங்களில் யார் பேசப் போகிறீர்கள்?