வெள்ளரியில் தேமல் தேடும் வேலை

வெள்ளரி வளர்க்கிற வேலை என்றதும் எல்லாரும் குளிர்ச்சியான வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இலையில் தேமல் என்கிற வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தால் ராத்திரித் தூக்கம் எப்படிப் போகும் என்பது அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். பீர்க்கன், புடலை, சுரை, பூசணி என்று எந்தக் கொடியை வைத்திருந்தாலும் நீங்களும் என் கட்சிதான். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் மேலே படியுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். எங்கள் முதலாளி குண்டடத்துக்கு அருகே தன் தோட்டத்தில் பசுமைக்குடில் போட்டு, உள்ளே வெள்ளரி வைத்தார். துணியில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் இலையில் நோயைக் கண்டுபிடிக்க மாட்டாளா என்று என்னைச் சூப்பர்வைசராக அனுப்பினார். முதல் வெள்ளாமை மொத்தமும் வைரஸில் போனது. இரண்டாவதற்கு நாற்று நடும்போதே சொல்லிவிட்டார், இதுவும் போனால் குடிலைப் பிரித்துவிட்டு குடோன் கட்டிவிடுவதென்று. குடோனுக்கு ஒரு வாட்ச்மேன் போதும். நானும் என்னோடு வேலை செய்கிற பெண்களும் தேவையில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம் விட்டபாடில்லை.

பால் குடிக்கும் கத்தி

வெள்ளரியில் பக்கத் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தேமல் வைரஸில் ஒரு வகை, கையிலும் கத்தியிலும் ஒட்டுகிற சாற்றோடு செடிக்குச் செடி போய்விடும். நோய்ச் செடி ஒன்றைத் தொட்ட கை, வரிசையின் கடைசி வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பால் அதைக் கட்டிப்போடும் என்று விதை கொடுத்தவர்கள் சொன்னார்கள். பால் பவுடரைக் கரைத்து வாளியில் வைத்து, ஒவ்வொரு செடிக்கும் நடுவே கையையும் கத்தியையும் முக்கி எடுக்கச் சொன்னேன்.

ஈஸ்வரி அக்கா எங்கள் கூட்டத்தில் மூத்தவர். நான் சூப்பர்வைசர் என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கூட்டுப் பேரனுக்கே தண்ணி ஊத்தித்தான் கண்ணு பாலு. இங்க கத்திக்குக் கெட்டிப் பாலா?"

மஞ்சள் டீ-சர்ட்

வேறு வகை வைரஸ்கள் பூச்சியோடு வரும். அசுவினிப் பூச்சியும் வெள்ளை ஈயும் வெளியே நோய்ப்பட்ட களையிலோ பூசணியிலோ சாறு உறிஞ்சிவிட்டு, உள்ளே வந்து நம் செடியில் வாய் வைத்தால் முடிந்தது. அதற்காகத்தான் சுற்றிலும் வலை, இரட்டைக் கதவு, பசை தடவிய மஞ்சள் அட்டை எல்லாம். மஞ்சள் என்றால் இந்தப் பூச்சிகளுக்கு உயிர்.

இது முதலாளிக்குத் தெரியாது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேன்சல் செய்த ஆர்டரிலிருந்து ஆளுக்கு இரண்டு டீ-சர்ட் அனுப்பிவைத்தார். பளீரென்ற மஞ்சள். பெண்கள் அதைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு பூசணிக்காட்டு வழியாக நடந்து வந்தார்கள். கதவருகே நிறுத்தி ஈஸ்வரி அக்காவின் முதுகைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் அங்கேயே கழற்ற வைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். போனில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "பையர் ரிஜெக்ட் பண்ணுன கலரைப் பூச்சி அப்ரூவல் பண்ணிருச்சுங்களாம்மா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

பக்கத்துத் தோட்டம் பெரியசாமி அண்ணனுடையது. அவருடைய சுரைப் பந்தலில், சாற்றோடு பரவுகிற அந்த வகைத் தேமல் விழுந்து, இலை சுருண்டு, காயெல்லாம் கோணிப்போனது. இந்தப் பக்கத்தில் வெள்ளாமை கெட்டால் சொந்தபந்தம் வந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள். மூலனூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டாத குறையாக வந்தார்கள். வந்தவர்கள் சும்மா பார்க்கவில்லை. ஆளாளுக்கு இலையைத் தடவி, நுனியைக் கிள்ளி, முகர்ந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். வந்ததுதான் வந்தோம், உங்களுது எப்படி இருக்குங்க என்று அதே கையோடு எங்கள் கதவைத் திறக்க வந்துவிட்டார்கள்.

ஆளைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்கிற ஊரில் வாசலை மறித்து நிற்பது லேசான காரியமில்லை. நான் மறித்து நின்றேன். சோப்புப் போட்டுக் கழுவினாலும் இன்றைக்கு உள்ளே விட முடியாது, ஊருக்குப் போனதும் குளித்துத் துணி மாற்றிவிட்டு உங்கள் தோட்டத்துக்குள் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்களில் ஒரு பெரியவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஏனுங்க, எழவூட்டுக்குப் போயிட்டு வந்தாக் குளிப்போமுங்க. சொரக்காயப் பாத்துட்டு வந்ததுக்குமாங்க?"

திரும்பி வந்த நாடா

கொடி கட்ட எங்கள் பக்கம் சணல் வாங்குகிறவர்கள் குறைவு. கட்டிங்கில் விழுகிற பனியன் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டினால் தண்டை அறுக்காது. கொடி பருக்கப் பருக்கக் கூடவே இழுபடும். முதலாளி கம்பெனியிலிருந்து மூட்டையாக அனுப்புவார். பெரியசாமி அண்ணனும் தன் சுரைக்கு ஒரு மூட்டை வாங்கிப் போயிருந்தார்.

செத்த பந்தலைப் பிரித்தபோது அவர் ஒவ்வொரு நாடாவையும் முடிச்சவிழ்த்து, அலசி, காயப்போட்டு, கத்தை கத்தையாகக் கட்டியிருக்கிறார். நான் உரம் வாங்கத் தாராபுரம் போயிருந்த அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஈஸ்வரி அக்கா அதில் எடுத்து ஒரு வரிசை பூராவும் கட்டி முடித்துவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், செடிகளில் வெளுத்த நாடா. மூலையில் மூட்டை, அதன் மேல் இரண்டு சுரைக்காய், நோய் விழுந்த அதே பந்தலில் காய்த்தவை. காய்ந்த சாற்றிலேயே மாதக்கணக்கில் கிடக்கிற வைரஸ், அலசினால் போய்விடுமா? வரப்புக்கு ஓடிப்போய், ஏண்ணே இதைத் திருப்பித் தந்தீங்க, சுரைக்காய் வேற எதுக்கு என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவே முடியாத முகம் அவருக்கு. "வாங்குன பண்டத்தத் திருப்பித் தராம இருக்கலாமுங்களா? அதும் வெறும் மூட்டையாக் குடுத்துப் பழக்கமில்லீங்க."

பச்சையாக இருந்த வரிசை

அந்த வரிசையையும் இரண்டு பக்கத்து வரிசைகளையும் பிடுங்கிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். வந்து பார்த்தார். பிஞ்சு தொங்கியது, ஓர் இலையில்கூடக் குறையில்லை. நோய் கண்ணுக்குத் தெரிகிறவரை காத்திருந்தால் குடிலில் ஒரு செடிகூட மிஞ்சாது என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்து வாயைக் கட்டினோம். ஈஸ்வரி அக்கா, கட்டின கையாலயே புடுங்கறேனே என்று அழுதுகொண்டே பிடுங்கினார்.

அதன் பிறகு தினமும் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். பயம் மெல்லத் தணிந்து, இனி தப்பித்தோம் என்று நினைத்த சமயத்தில், பிடுங்கிய இடத்துக்கு அடுத்த வரிசையில் ஒரு செடியின் நுனி இலையைப் பார்த்தேன். கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. பக்கத்தில் ஈஸ்வரி அக்காவும் நின்றிருந்தார். "நான் பாக்கல கண்ணு. நீயும் பாக்காத, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு நொடி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு செடியின் மேல் சாக்கைக் கவிழ்த்து வேரோடு எடுத்தேன். முதலாளிக்குப் போன் போட்டு, ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி என்றேன். அவர் குரலில் கோபமே இல்லை, எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஒண்ணுதான்னு சொல்லாதீங்கம்மா. இன்னிக்கு ஒண்ணுன்னு சொல்லுங்க."

நோயைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அது கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தினமும் அந்த வேலைக்குப் போகிறேன்.