கோழிக்குப் போட்ட வாஷர்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவரை ஊரே ‘காத்து’ என்றுதான் கூப்பிடும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

காத்தின் சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்தரையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுப்பு காத்தின் கைக்கு வந்தது அப்படித்தான்.

வெளியே சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த அம்மா சமைத்தால் வாயில் வைக்க முடியாது. துணிக்கு என்ன செய்வாளோ அதையேதான் காய்க்கும் செய்வாள். ஊறவைப்பாள், கொதிக்கவைப்பாள், பிழிவாள். அவள் கையில் மாட்டிய முட்டைக்கோஸ் வெளுத்துப்போய்க் கொடியில் காயப்போடலாம் போல இருக்கும். கல்யாணமாகி இருபது வருஷமாகக் காத்து அதை வாயை மூடிக்கொண்டு தின்றார். மூடிக்கொண்டு எப்படித் தின்றார் என்று கேட்காதீர்கள். மகளும் பிறந்த நாள் முதல் அதையே தின்று வளர்ந்து கல்லூரி வரை போய்விட்டாள்.

காத்து சமைக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு உயிர் வந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பொன்னிறம் வரும்வரை அடுப்பை விட்டு நகராமல் வதக்குவார். தக்காளியைக் கையாலேயே பிசைந்து போடுவார். அது சுண்டி எண்ணெய் விட்டதும் கரண்டியால் அங்கங்கே குழி பறித்து, குழிக்கொரு முட்டை உடைத்து ஊற்றி மூடிவிடுவார். வெள்ளை இறுகியதும் இறக்கினால் சோற்றுக்கும் சேரும், ரொட்டிக்கும் சேரும். முட்டையை முதலில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால், “உள்ளே காத்து ஏறிடுச்சு” என்று தூக்கி எறிந்துவிடுவார். தொழில் புத்தி.

திங்கட்கிழமை கட்டுப் பிரிப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் மகளும் கூடையிலிருந்த கோஸைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாளான ஞாயிறன்று மச்சினன் அக்காவைப் பார்க்கச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னான். பஸ் கண்டக்டர். வாய்க்கும் வயிற்றுக்கும் பூட்டு இல்லாதவன்.

“அப்பா, மாமா முன்னாடி அசத்திடுங்க. அடுப்படி உங்களுக்குத்தான்னு அம்மாவே விட்டுக் கொடுத்துடணும். இல்லேன்னா செவ்வாய்க்கிழமை மறுபடியும் கோஸ்தான்” என்றாள் மகள்.

காத்து கோழி வாங்கினார். பூண்டு, மிளகு, உருளைக்கிழங்கு போட்டு, சொட்டுத் தண்ணீர் விடாமல் அதன் சாற்றிலேயே வேகவைப்பது திட்டம். பெரிய பாத்திரத்தில் எல்லாம் போட்டு மூடினார். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்ததால் ஆவி ‘புஸ்’ என்று போனது. இன்னொருவராக இருந்தால் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருப்பார். கசிவைப் பார்த்தால் காத்துக்கு இருப்புக் கொள்ளாது. கடைக்கு ஓடினார். பழைய சைக்கிள் டியூபில் குக்கர் வாஷர் மாதிரி ஒரு வளையம் வெட்டி வந்து மூடியைச் சுற்றி மாட்டினார். சத்தம் நின்றது. காதை வைத்துக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மச்சினன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “என்ன மாமா, வீட்டுக்குள்ளே லாரி எதுவும் தீப்பிடிச்சிருச்சா?” என்றான்.

காத்து ஓடிப்போய் மூடியைத் தூக்கினார். ரப்பர் உருகிக் கோழிமேல் கறுப்பாகச் சொட்டியிருந்தது. அந்த நாற்றத்துக்குத் தெருநாய்கூட எட்ட நின்றே குரைத்தது.

“நகருங்க. ஒத்தைக் கையாலேயே நான் பாத்துக்கறேன். அந்தக் கோஸை எடு பாப்பா” என்று சம்சாரம் எழுந்தாள்.

“கோஸ் இல்லைம்மா!” என்றாள் மகள். கோஸை அவள் முதுகுக்குப் பின்னால்தான் பிடித்திருந்தாள்.

“உக்காரு நீ” என்று சொல்லிவிட்டுக் காத்து முட்டைகளைத் தண்ணீரில் போட்டார். ஒன்றும் மிதக்கவில்லை. வெங்காயம், தக்காளி, குழிக்கொரு முட்டை. தினம் செய்கிற அதேதான். சோறு வெந்து இறங்குவதற்குள் முட்டையும் இறுகிவிட்டது.

மச்சினன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். தட்டை வழித்து, விரலை நக்கி, இன்னொரு தட்டும் காலி செய்தான். வயிறு நிறைந்ததும் வாய் திறந்துகொண்டது.

“அக்கா, நாளைக்கா கட்டுப் பிரிக்கிறாங்க? எதுக்கு அவசரம்? எலும்பு நல்லா ஒட்டட்டுமே. ஒரு வருஷம்கூட இருக்கட்டும்.”

மகளுக்குப் புரையேறியது. சம்சாரம் தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியில் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. என் சமையல் எப்படி இருக்கும்?”

பொய் சொன்னால் செவ்வாய்க்கிழமை கோஸ். காத்து கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீ சமைக்கலைம்மா. துவைக்கிறே.”

மச்சினன் செருப்பு எங்கே என்று பார்த்தான்.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“நீ ஆசையா செய்யறேன்னு நினைச்சேன்.”

“ஆசையாவா? நாள் பூரா அங்கே ஆவியில நின்னு வெந்துட்டு, இங்கேயும் வந்து வேக எனக்கு ஆசையா? எவராவது ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டா அன்னிக்கே கரண்டியைத் தூக்கிப் போட்டுடலாம்னு காத்துக் கிடந்தேன்யா! நீங்க என்னடான்னா, இன்னும் கொஞ்சம் வைன்னு கேட்டுக் கேட்டுத் தின்னீங்க!”

“சீக்கிரம் தீர்ந்து தொலையட்டுமேன்னு கேட்டேன்” என்றார் காத்து.

அவளுக்கு வந்த சிரிப்பில் மாவுக்கட்டு மேசையில் இடித்தது. “ஐயோ” என்று கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகவே ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த வலது கையால் அவள் செய்த முதல் வேலை, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்ததுதான்.

“கோஸ் மட்டும் வேண்டாங்க” என்றாள்.