தண்ணீர் ஒருத்தி, வாசகம் ஒருத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், அரூர் பக்கத்து மடத்தில் நாங்கள் நான்கு கன்னியர்கள் இருந்தோம். லத்தீன் படித்தவள் நான் ஒருத்திதான். பூசை, ஞானஸ்நானம், அடக்கம், எதுவானாலும் எந்த வார்த்தை எங்கே வர வேண்டும், கை எப்போது உயர வேண்டும் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன். சாமியாரே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வருஷமாக மழை இல்லை. களிக்குக் கேழ்வரகு கிடைக்காத வீடுகளில் குழந்தைகள் எலும்பும் தோலுமாகப் பிறந்தன, பிறந்த வேகத்தில் செத்தன. சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் சாமியார் ஒருவர்தான். அவர் மாட்டுவண்டியில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சாகக் கிடக்கும் குழந்தைக்கு வீட்டுப் பெண்களே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபையில் விதி உண்டு. அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்களை உட்காரவைத்தேன். துணியைச் சுருட்டிக் குழந்தை மாதிரி கிடத்தி, அதன் தலையில் ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றும்போது சொல்ல வேண்டிய ஞானஸ்நான வாசகம் அவர்கள் வாயில் நுழையவில்லை. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. “நான் சொல்றேன், நீ ஊத்து” என்று வேலையை முடித்தேன். அப்புறம் வாசகத்தைத் தனியாக மனப்பாடம் செய்யவைத்தேன். ஊற்றுகிறவளேதான் சொல்லவும் வேண்டும், இரண்டு பேர் பங்குபோட்டால் செல்லாது என்பதை நான் சொல்லவே இல்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. அந்த ஊர்க் கல்யாணத்திலும் கருமாதியிலும் ஒருவர் மந்திரம் சொல்வார், இன்னொருவர் நீர் வார்ப்பார். அவர்கள் கண்டு வளர்ந்த முறை அது.

இரண்டு மாதம் கழித்து, அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பெண் வண்டியில் வந்து இறங்கினாள். முந்தின நாள் பிறந்து அன்றைக்கே செத்த தலைச்சன் பிள்ளை, பழம்புடவையில் சுற்றி அவள் மடியில் இருந்தது. புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போயிருந்தான். பச்சை உடம்புக்காரியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாத்தனார் வந்தாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்றால்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம்.

சாமியார் அன்று இருந்தார். “ஞானஸ்நானம் குடுத்தீங்களா?” என்றார்.

“குடுத்தோமுங்க சாமி. உசுரு இருக்கறப்பவே குடுத்துட்டோம்.” அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“யாரு குடுத்தது?”

“எனக்குக் கை தூக்க முடியலீங்க. நாத்தனா தண்ணி ஊத்துனாங்க. அவங்களுக்கு வாசகம் தெரியாதுங்க, நான் படுத்துக்கிட்டே சொன்னேன். ஒரு வார்த்த உடலீங்க.”

சாமியார் என் பக்கம் திரும்பினார். அவருக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. “இது செல்லுமா?” என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். செல்லும் என்றிருந்தால் அவர் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். “செல்லாது சாமி. ரெண்டையும் ஒரே ஆள் செய்யணும்” என்றேன். பரீட்சையில் பதில் சொல்வதுபோல அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க காட்டுனாப்பலதானுங்கம்மா செஞ்சோம்?” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்.

ஆமாம், தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றேன், பாவி. சொல்லியிருந்தாலும் விதி மாறியிருக்காது என்று அன்றைக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெற்ற பிள்ளைக்கு ஒழுங்காக ஞானஸ்நானம் கொடுக்கத் தெரியாதவள் என்று ஊர் அவளைப் பேசியதே, அதையாவது தடுத்திருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தின் கள்ளிவேலிக்கு வெளியே நாத்தனார்தான் கடப்பாரை பிடித்தாள். மழை காணாத மண் லேசில் இடம் கொடுக்கவில்லை. மணி அடிக்கவில்லை, ஜெபமும் இல்லை. நான் வேலிக்கு உள்பக்கம் நின்றேன். எதற்கு உள்ளே நின்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மண்ணைத் தள்ளி மூடியதும் பிள்ளையைப் பெற்றவள் எழுந்து வேலியோரம் வந்தாள்.

“அம்மா, நான் செத்தா என்னைய இங்கியே, புள்ளகிட்டயே வெச்சிருவீங்களா?”

“அது முடியாதும்மா. நீ ஞானஸ்நானம் வாங்குனவ. உன்னை உள்ளேதான் வெக்கணும்” என்றேன்.

வகுப்பில் நான் சொன்னதற்கெல்லாம் ஆட்டுவாளே, அதேபோலத் தலையை ஆட்டினாள்.

“சரிங்கம்மா” என்றாள்.