வெள்ளைக் கோடும் மெர்பாவ் கட்டையும்

சிவப்பு விளக்கைத் தாண்டினால் இப்போது சம்மன் வருகிறது. சிரம்பானில் எங்கள் கம்பெனி டிரைவர்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடி முழுகிப்போனதுபோல் புலம்புவதைப் பார்த்திருக்கிறேன். "விளக்கு அப்பத்தான் மாறுச்சு, அங்கிள். ரெண்டு செகண்டுலா. அதுக்குப் போயி சம்மனா?" என்பான் ஒருவன். "பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சான், அதான் போயிட்டேன்" என்பான் இன்னொருவன். தப்பு எப்போதும் விளக்கின் மேல், இல்லாவிட்டால் பின்னால் வந்தவன் மேல். ஸ்டீயரிங் பிடித்த மகராசனுக்கு மட்டும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் ஓய்வு பெற்றபோது, ஒரு சம்மன்கூட வாங்காத டிரைவர் என்று சொல்லி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதன் ரகசியத்தை இளம் டிரைவர்களுக்காக எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு கடிகாரத்தைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

1. முதல் நாள்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில்தான் நான் டிரைவர் ஆனேன். கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். பழைய டிரைவரை ஜப்பான் பட்டாளம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. துரையின் காரைக் கழுவிக்கொண்டிருந்த என்னை, கொஞ்சம் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக் கிராணி லாரியில் ஏற்றினார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்போம். எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். துரை போன பிறகு அவர் வைத்ததுதான் சட்டம்.

பெட்ரோல் கிடையாது. லாரியின் பக்கவாட்டில் ஒரு கரி அடுப்பைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து வரும் புகைதான் எஞ்சினை ஓட்டும். மேட்டில் ஏறாது, இறக்கத்தில் நிற்காது. பிரேக் லைனிங் தேய்ந்துபோய், அதற்குப் பதிலாக மெஷின் பெல்ட்டுத் தோலை வெட்டி ரிவிட் அடித்திருந்தார்கள். காய்ந்த தோல் ஏதோ பிடிக்கும். நனைந்தால் சுத்தமாகப் பிடிக்காது.

அதனால் லாரியை நிறுத்த ஒரு தனி ஆள் இருந்தார். பெயர் சன்னாசி. முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மெர்பாவ் மரத்தில் செதுக்கிய முக்கோணக் கட்டை ஒன்றைக் கயிறு கட்டி வைத்திருப்பார். நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் கீழ் கியருக்கு மாற்றுவேன். அவர் குதித்து இறங்கி, கூடவே ஓடி, பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் தள்ளுவார். லாரி ஏறி இடித்து நிற்கும். பெரிய வித்தை அது. ஒரு நொடி பிந்தினால் விரல் போய்விடும். "என் பிரேக் சன்னாசி அண்ணன்தான்" என்று நானே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

2. கோடு

வாரத்தில் இரண்டு நாள் காலையில் மரவள்ளிக்கிழங்கும் விறகும் ஏற்றிக்கொண்டு சிரம்பான் போவோம். ஊருக்குள் நுழைவதற்கு முன் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பான். பக்கத்தில் மூங்கில் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணி. அதற்கு முன்னால் ரோட்டில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோடு. எந்த வண்டியும் கோட்டில் நிற்க வேண்டும். எல்லோரும் இறங்கி, இடுப்பை வளைத்து, சிப்பாயைக் கும்பிட்டுவிட்டு ஏற வேண்டும். நடந்து போகிறவர்கள் சிப்பாயைக் கண்ட இடத்திலேயே நின்று கும்பிட வேண்டும்.

தாண்டினால் சம்மன் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. நிற்காமல் போன ஒரு சீனக் கடைக்காரரை, ஏறி வந்த சைக்கிளையே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் நிற்க வைத்ததை நானே பார்த்தேன். கை தளர்ந்து சைக்கிள் இறங்கும்போதெல்லாம் விலாவில் ஓர் இடி.

முதலில் இருந்த சிப்பாய் எங்கள் லாரியின் லட்சணத்தைப் புரிந்துகொண்டவன். சன்னாசி அண்ணன் கட்டையோடு ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பான். பிறகு புதிதாக ஒருவன் வந்தான். அவன் கண்ணுக்கு அவர் லாரி ஆள் இல்லை, ரோட்டில் ஓடுகிற ஆள். தன்னைக் கண்டும் கும்பிடாமல் ஓடுகிற ஆள். "கொரா!" என்று கத்திக்கொண்டு வந்து, கட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவரைக் கன்னத்தில் அறைந்தான். கடைவாய்ப் பல் ஆடிப்போனது.

திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் கேட்டார். "தம்பி, ஓடுனா கும்பிடலங்கிறான். நின்னு கும்பிட்டா யாரு கட்டை போடுறது? நீயே சொல்லு, நான் எதை மொதல்ல செய்யட்டும்?"

நான் அன்றைக்குப் பெரிய மனுஷன் அல்லவா, டிரைவர் அல்லவா! "மொதல்ல கும்பிட்டுடுங்கண்ணே. நான் மெதுவா வர்றேன். அதுவரைக்கும் பிரேக்கு தாங்கும்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

3. மழை பெய்த காலை

அடுத்த நடைக்கு முன் இரவெல்லாம் மழை. காலையில் லாரியை எடுத்ததுமே பிரேக் வழுக்கியது. கிராணியிடம் போனேன்.

"ஐயா, பிரேக்கு புடிக்கல. தோலு காயட்டும், நாளைக்குப் போவோம்."

"லைனிங்குக்கு நான் எங்க போறது, சொல்லும் பாப்பம்? ஆள் லிஸ்டை இண்டைக்குக் குடுக்காட்டி என்ரை தலை போயிடும். நானும் வாறன். மெல்ல ஓட்டும்" என்றார்.

ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் ரோடு வேலைக்குத் தோட்டம் அனுப்ப வேண்டிய ஆட்களின் பட்டியல் அது. அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது அப்போதே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் இருந்த ஒருவன் காட்டுக்குள் ஓடிவிட்டான். அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று கிராணி இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதம் மடியில் இருக்க, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றினேன். சன்னாசி அண்ணன் குதித்தார். சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். அவர் நான் சொன்னபடியே செய்தார். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், இடுப்பை வளைத்தார், நன்றாகக் கும்பிட்டார். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்த கால் பலகையில் போய் முட்டியது. லாரி அவரை விட்டுவிட்டு உருண்டது. அவர் நிமிர்ந்து ஓடி வருவதற்குள் வெள்ளைக் கோடு போயிற்று, மூங்கில் கம்பம் முறிந்தது, சிவப்புத் துணி என் கண்ணாடியில் வந்து விழுந்தது. அப்புறம்தான் ரோட்டோர மண்மேட்டில் இடித்து நின்றோம்.

"பகேரோ!" என்று கத்திக்கொண்டு சிப்பாய் வந்தான். மூன்று பேரையும் இழுத்து மண்டியிட வைத்தான். சார்ஜன்ட் ஒருவன் வந்தான். அவனுக்கு மொழிபெயர்க்க ஒரு மலாய்ப் போலீஸ்காரர். அவர் வருவதற்குள் கிராணி என் காதருகே குனிந்தார்.

"டிரைவர், இஞ்ச பாரும். பிரேக் பிழையெண்டு வாய் திறந்தீரெண்டா, லாரி எடுத்த உம்மையும் அனுப்பின என்னையும் சேத்துக் கட்டுவான். கட்டை வைக்கேல்லை எண்டு சொல்லும். அது உண்மைதானே?"

போலீஸ்காரர் மலாயில் கேட்டார், யார் மேல் தப்பு என்று. எங்களில் மலாய் சரளமாகப் பேசுகிறவன் நான்தான். பிரேக் நன்றாக இருந்தது, கட்டை போடுகிறவன் போடவில்லை என்றேன்.

சன்னாசி அண்ணனுக்கு அந்த அளவு மலாய் புரியும். மண்டியிட்டபடியே கத்தினார். "அடப்பாவி, நீதானடா கும்பிடச் சொன்ன! பிரேக்கு தாங்கும்னு நீதானடா சொன்ன! சொல்லுடா அவங்ககிட்ட!"

என்ன சொல்கிறான் என்று போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்கிறான் என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நாக்கு தானாகவே சொல்லிற்று.

அந்த மெர்பாவ் கட்டையையே தலைக்கு மேல் தூக்க வைத்து, வெயில் இறங்கும்வரை அவரைக் கோட்டில் நிறுத்தினார்கள். கிராணி பட்டியலை நீட்டியபோது சார்ஜன்ட் கட்டைக்காரரைக் காட்டி ஏதோ சொன்னான். கிராணி பென்சிலை எடுத்து எழுதினார். இரண்டு நாள் தவிப்பு அவருக்கு அங்கேயே தீர்ந்தது. இருட்டிய பிறகு சன்னாசி அண்ணனையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினோம்.

4. ஸ்டேஷனுக்கு

நாலாவது நாள் காலையில் சயாமுக்குப் போகிற ஆட்களைச் சிரம்பான் ஸ்டேஷனில் இறக்க வேண்டும். அவர்களை ஏற்றிப் போனது என் லாரிதான். கட்டை போட வேறு ஆளைப் பழக்கவில்லை. சன்னாசி அண்ணன்தான் வழக்கம்போல் கட்டையோடு பின்னால் நின்று வந்தார்.

அந்த இறக்கத்தில் புதுக் கம்பம், புதுச் சிவப்புத் துணி. குதித்தவர் சிப்பாயைக் கண்டு நின்றார். சிப்பாய் கையை ஆட்டி ஓடச் சொன்னான். லாரியில் கட்டை போடுகிறவன் முதலில் கட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் கும்பிட்டால் போதும் என்று உத்தரவு மாறியிருந்தது. எப்போது? அவர் பெயரை எழுதி மூன்று நாள் கழித்து. அவர் ஓடிப் போட்டார். லாரி கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

ஸ்டேஷனில் இறங்கும்போது கட்டையை என்னிடம் நீட்டினார். நாலு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், "புது ஆளுகிட்டச் சொல்லு. கயித்தைக் கையில சுத்திக்க வேணாம். சக்கரம் இழுத்துரும்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போனார். திரும்பி வரவும் இல்லை.

5. பேச்சியக்கா

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து பிழைத்து வந்த சிலர் தோட்டத்துக்கு வந்தார்கள். சன்னாசி அண்ணன் பேதியில் போய்விட்டார் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் மனைவி பேச்சியக்கா என் லயத்து வாசலுக்கு வந்தார். எல்லாம் தெரிந்துவிட்டது, சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

"தம்பி, கிராணியய்யா அன்னிக்கே சொன்னாரு. இவரு கட்டை போடாம நின்னுட்டாராம், ஒங்களையும் சேத்து மண்டி போட வச்சாங்களாம். இவரால ஒங்க உசுரும் போயிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க தம்பி. செத்துப்போன மனுசன், மன்னிச்சிருங்க" என்று கைகூப்பினார்.

"பரவால்லக்கா" என்றேன்.

மண்டியிட்டபோது சொன்ன பொய்க்குப் பயம் என்று ஒரு சாக்கு உண்டு. அன்று வாசலில் துப்பாக்கி இல்லை, ஜப்பான்காரன் இல்லை. ஓர் அம்மாள் மட்டும்தான் நின்றார். அவரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்கு லாரி ஓட்ட வந்துவிட்டேன். மந்தின் மலைப்பாதையில் எத்தனை ஆயிரம் நடை போயிருப்பேனோ தெரியாது. எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. இதுதான் மேனேஜர் கேட்ட ரகசியம்.

பாடம் என்று ஒன்று எழுத வேண்டுமாம். பிரேக் பிடிக்காத வண்டியை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். எடுத்துத் தாண்டிவிட்டால், நான்தான் தாண்டினேன் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். சம்மன் வந்தால் அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். உங்கள் பெயர்தானே இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.